பாதிரியாரின் வாத்து

'பாதிரியாரின் வாத்து' என்ற ஐரிஷ் நடன மெட்டை, அதாவது ரீலை, எத்தனை பேர் வாசித்துப் பதிவு செய்தாலும், பதிவில் அதைவிட அதிகம் பேர் வாசிப்பார்கள். 1926-இல் நியூயார்க்கில் அது முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியபோது அறையில் இருந்தவர் ஒரே ஒரு ஃபிடில்காரர். தட்டில் கூடவே ஒரு புல்லாங்குழலும் கேட்டது. அந்தக் குழல்காரர் அயர்லாந்தில் காசநோயில் இறந்து வெகுநாளாகியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அலட்டிக்கொள்ளாமல் 'ஃபிடிலும் குழலும்' என்று அச்சடித்து விற்றார்கள். ஐம்பதுகளில் டப்ளின் ஒலிநாடா, எழுபதுகளில் பாஸ்டன் கேசட் என்று பதிவுக்குப் பதிவு கூட்டம் பெருகியது. உயிரோடிருக்கும்போது அந்த ரீலை ஒருமுறை வாசித்தவர், செத்த பிறகு எல்லாப் பதிவிலும் வந்து சேர்ந்துகொள்வார், அவ்வளவுதான். வேகமான மெட்டு. எல்லோரும் ஒன்றையே சேர்ந்து வாசிப்பார்கள், யாரும் தனித்துத் தெரிய ஆசைப்படுவதில்லை. வாத்து எங்கிருந்து வந்தது என்று மட்டும் எவருக்கும் தெரியாது.

டெக்சாஸில் கேட்டி என்ற நகரத்து பார் ஒன்றில் ஞாயிறு மதியங்களில் இதை வாசிக்கும் கூட்டத்தில் ஈரோட்டுச் சண்முகப்ரியா சேர்ந்தாள். கர்நாடக வயலின்காரி, நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பழக்கமில்லை. அவளுக்காக மேஜையை நகர்த்தி யோகா பாய் விரித்தார்கள். வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, சுரங்களை அசைத்து அசைத்து வாசித்தாள். கூட்டம் சொக்கிப்போனது.

அவள் கணவர் சேனாபதிக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. எண்ணெய் தேடிப் பூமிக்குள் அனுப்பிய அதிர்வு திரும்பி வரும்போது அதிலுள்ள இரைச்சலைக் களைய வேண்டும். மனைவி வாசித்ததைப் போனில் பதிவு செய்தவர், செத்தவர் உயிரோடிருந்தவர் அத்தனை பேரையும் இரைச்சலாக நினைத்துக் களைந்தார். அவள் வாசிப்பை மட்டும் ஈரோட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிட்டு, போனில் இடமில்லையென்று மூலத்தை அழித்தார்.

"ஏனுங்க, ஆளில்லாத ஊட்ல வாசிக்கற மாதிரி இருக்குதுங்க," என்றாள் அவள்.

"ஊருக்கு அனுப்பறதுக்குத்தான். உன்ற வாசிப்பு மட்டும் க்ளீனா கேக்கோணுமில்ல."

மறுவருடம் கணையப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. சேனாபதி இடிந்துபோனார். ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. காரியம் முடிந்த ஞாயிறே போனோடு பாருக்குப் போனார். பதிவில் நியூயார்க் ஃபிடில் வந்தது, காசநோய்க் குழல் வந்தது, அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. அவளுடைய க்ளிப்பை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கூடவே வாசிக்க வைத்தார். பதிவில் எல்லோரும் இருந்தார்கள். ஸ்பீக்கர் இருந்த மூலையில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. கடை பூட்டியிருக்கிறது என்று சொல்கிற குரலில், அக்கார்டியன் வாசிக்கும் கிழவர் டெக்லன் விளக்கினார்: அவளைத்தான் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டீர்களே, எடுத்தால் எடுத்ததுதான். சேனாபதி காரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பிறகு அவளுடைய வயலினைக் கையில் எடுத்தார். இரண்டு வருடம் ரீலை உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார். வீட்டில் தனியாக வாசித்துப் பதிவு செய்தபோது வழக்கம்போல ஊரே திரண்டு வந்தது. உட்கார்ந்து ஒவ்வொருவராகக் களைந்தார், தன்னை மட்டும் வைத்துக்கொண்டார், மூலத்தை அழித்தார். ஆஸ்டினிலிருந்து வந்திருந்த மகள் மாளவிகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பா, ஒய் வுட் யூ டூ தட்?"

"அம்மா தனியா இருக்கறா கண்ணு. நா மட்டும் கூட்டத்துல போயி நின்னா நல்லாருக்காது."

அப்படியானால் இருவரும் சேர்ந்துவிடுவீர்களா என்று அவள் கேட்டாள். முப்பது வருடம் இரைச்சல் களையும் வேலை பார்த்தவர் அவர். பொய் சொல்ல முடியவில்லை. தனித்தனி ஃபைல் தனித்தனிதான் என்றார்.

போன மார்ச்சில் சேனாபதி மாரடைப்பில் போனார். பாரில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் வரவில்லை. மாளவிகா இரண்டு ஃபைல்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். மெட்டின் திருப்பத்தில் அப்பா தடுமாறிப் பின்தங்குகிறார். அம்மா நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறாள்.