மனைவி கட்டிய சாஃப்ட்வேர்

பன்னிரண்டு வருஷமாக வீடியோ எடிட்டிங் செய்து சோறு தின்கிறவனுக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி ஒரு சாஃப்ட்வேரைக் கம்பைல் செய்து கொடுத்தால் எப்படி இருக்க வேண்டும்? நன்றியாக இருக்க வேண்டும். எடிட்டருக்கு வயிறு எரிந்தது.

வந்த வேலை ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவர்களுடைய கேமரா புதுசு. அதில் எடுத்த எதையும் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது எடிட்டரிடம் இருந்த பழைய சாஃப்ட்வேர். அதன் புதுப் பதிப்பு திறக்குமாம், இலவசமும்கூட. ஆனால் அவனுடைய கம்ப்யூட்டருக்கு அது சோர்ஸ் கோடாகத்தான் கிடைத்தது. சமைத்த சோறாக இல்லாமல் அரிசி மூட்டையாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளையெல்லாம் இறக்கி, அதற்கு வேண்டிய, லைப்ரரி என்கிற துணை நூலகங்களையும் சேர்த்து, நாமே சமைத்தால், அதாவது கம்பைல் செய்தால்தான் ஓடுகிற சாஃப்ட்வேராகும்.

எடிட்டர் மூன்று நாள் மல்லுக்கட்டினான். திரை நிறைய வரிகள் ஓடும், கடைசியில் 'பிழை 2' என்று ஒரு வரி வந்து நிற்கும். அந்தக் கடைசி வரியை வைத்துக்கொண்டு இணையம் முழுக்கத் தேடினான். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தலையைத் துவட்டியபடி வந்து பின்னால் நின்றாள்.

"மேல போங்க. இன்னும் மேல. முதல்ல எங்க தப்பு வந்திருக்குன்னு பாக்கணும்ல? கடைசில இருக்கறது வெறும் செத்துப்போச்சுன்னு சொல்ற வரி. எதனால செத்துச்சுன்னு மேலதான இருக்கும்?"

நாலு திரை மேலே இருந்தது. ஒரு நூலகத்தைக் காணோம் என்று எழுதியிருந்தது. அவள் அதை இறக்கிச் சேர்த்தாள். அடுத்தது ஒன்று. அதற்கும் அடுத்தது ஒன்று. ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிற கை, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே போனது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சாஃப்ட்வேர் திறந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரையில் வந்து குதித்தார்கள்.

"பரவாயில்லையே" என்றான் எடிட்டர். அந்த ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். ஊர் விட்டால்தானே. சாஃப்ட்வேரை எழுதுகிறவர்களுக்கு அவள் ஒரு குறிப்பு அனுப்பினாள்: உங்கள் செய்முறைப் பட்டியலில் ஒரு நூலகத்தின் பெயர் விட்டுப்போயிருக்கிறது. மறுநாளே பட்டியலைத் திருத்தி, அவளுக்கு நன்றி என்றும் எழுதிவிட்டார்கள். எங்கோ இருக்கிற யாரோ. பன்னிரண்டு வருஷத்தில் எடிட்டருக்கு எவனும் அப்படி எழுதியதில்லை. அவள் சமைக்கும்போது, கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஏழு தடவை பார்த்தான். ஏழு தடவையும் அவள் பெயர் அங்கேயேதான் இருந்தது.

பள்ளிக்கூடத்து ஆசிரியை போன் செய்தார். "ஃபைல் எந்த அளவுல தருவீங்கன்னு கேக்கணும், உங்க வைஃப்கிட்ட போனக் குடுங்க சார், நேத்து அவங்கதான் எடுத்துத் தெளிவா சொன்னாங்க." எரிகிற நெருப்பில் எண்ணெய். ஏற்கெனவே மெக்கானிக் மச்சினன் வேறு, இஞ்சின் பிரிக்கிற வீடியோக்களுக்கு அதே சாஃப்ட்வேர் வேண்டும் என்று தினமும் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் 'மாமா, மாமா' என்று சுற்றி வந்த பயல்.

புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும், எடிட்டர் கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தான். அவள் கட்டிய சாஃப்ட்வேர் ஃபோல்டரோடு அழிந்தது. எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவன் கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். நூலகங்கள்தான் எல்லாம் இருக்கின்றனவே, சாயங்காலத்துக்குள் நானே கட்டிவிடுவேன், அப்புறம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது என் சாஃப்ட்வேர் என்று நினைத்தான் எடிட்டர்.

அவசரத்தில், அவள் எடுத்த, சோதித்து வெளியிட்ட பதிப்பை எடுக்காமல், எழுதுகிறவர்கள் நேற்றுவரை மாற்றிக்கொண்டிருந்த அரைகுறைப் பதிப்பை இறக்கிவிட்டான். புதுசு என்றால் நல்லது என்கிற புத்தி. அது இவனிடம் இல்லாத இன்னும் புதிய நூலகங்களைக் கேட்டது. பிழை 2. மறுபடி அடித்தான், பிழை 2. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். திருடனுக்குத் தேள் கொட்டின கதை, வாய்விட்டுக் கத்தவும் முடியாது.

அவள் நாலு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்.

"காலைல கரண்ட் போச்சு. வந்து பாத்தா உன் சாஃப்ட்வேரக் காணோம்."

"ஃபோல்டரேவா?"

"ஃபோல்டரே."

"கரண்ட் போனா ஃபோல்டர் எப்படிங்க போகும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான இதுல பெரிய ஆளு."

அவள் முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். கறுப்புத் திரையைத் திறந்தாள். "அன்னிக்கு அடிச்சதெல்லாம் இதுலயே இருக்கும், நோட்டக்கூடத் தேட வேண்டாம்" என்று சொல்லி, மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினாள்.

எடிட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திரை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முன்பு அடித்த வரி ஒன்று திரும்பி வரும். பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தியவன் அதை மறந்துபோனான்.

அவள் அழுத்தினாள். அவன் மத்தியானம் தோற்ற வரி வந்தது. மறுபடி அழுத்தினாள். அவன் அதற்கு முன்னால் தோற்றது. "நீங்களும் ட்ரை பண்ணீங்களா?" என்றாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். இன்னொரு அழுத்தல். அவன் இறக்கிய அரைகுறைப் பதிப்பு. இன்னொன்று.

விரல் நின்றது. அழிக்கச் சொல்லும் வரி. அவள் வைத்த ஃபோல்டர் பெயரோடு, எழுத்துப் பிசகாமல்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடிட்டர் அதற்குத்தான் தயாராக இருந்தான்; பதில்கூட இரண்டு வைத்திருந்தான். அவள் மறுபடி அம்புக்குறியை அழுத்தித் தன் வரிகளுக்குப் போனாள். ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். கம்பைல் ஆரம்பித்தது. பத்து சதவீதம், பன்னிரண்டு. கம்ப்யூட்டர் விசிறி இரைந்தது.

அவளுடைய போன் அடித்தது. மச்சினன்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒர்க்‌ஷாப் லீவு. கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். அந்த சாஃப்ட்வேர எப்படிக் கட்டறதுன்னு சொல்லு."

"மாமாகிட்டயே கேளுடா. இந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாம் அவர் பண்றதுதான்." போனை எடிட்டரின் கையில் வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள்.

"மாமா, நீங்கதானா? அதான பாத்தேன், அக்காவுக்கு இதெல்லாம் எங்கேந்து தெரியும்னு. தொழில்ல பழம் தின்னு கொட்ட போட்டவர் நீங்க. சொல்லுங்க மாமா, முதல்ல என்ன அடிக்கணும்?"

மூன்று நாளாக அவன் கேட்க ஏங்கிய பேச்சு இது. முதல் வரி என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள. எனக்குத் தெரியாதுடா. உங்க அக்காதான் கட்டினா. அவளுக்குத்தான் தெரியும். இரு, அவகிட்ட தரேன்."

போனை நீட்டினான். அவள் வாங்கவில்லை. முப்பத்தெட்டு சதவீதத்தில் இருந்த கண்ணை எடுக்காமல், தம்பிக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கட்டறத நான் அப்புறம் சொல்லித் தரேன்னு சொல்லுங்க. அழிக்கிறது எப்படின்னு இப்ப நீங்க சொல்லிக் குடுங்க. அது உங்களுக்கு நல்லா வருது."