அரை மணி முன்னால் இருந்த வீடு

1

இந்தக் கதை ஒரு சின்னக் கட்டத்திலிருந்து வந்தது. நூலகத் தளம் ஒன்றில் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். 'நான் மனிதர்' என்ற கட்டத்தைத் தொடச் சொன்னது. தொட்டேன். சற்றுச் சுழன்று யோசித்துவிட்டு, மறுபடி அதே கட்டத்தைக் காட்டியது. இப்படியே பலமுறை. புத்தகம் கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. முழுகிவிடக்கூடிய ஒருத்திக்கு இது நடந்தால்?

(எழுதிப் பார்த்த முதல் வரி: "அவள் மெல்ல மெல்ல ஓர் இயந்திரமாக..." வேண்டாம். அவள் எதுவாகவும் மாறவில்லை. சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.)

2

அவள் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். பிந்தி வருகிறவர்களை நிமிர்ந்தே பார்க்காமல் கடிந்துகொள்ளத் தெரிந்தவள். அன்று அவளுக்கு விடுமுறை. வேறு ஊரில் இருக்கும் தம்பிக்கு மறுநாள் இருதய அறுவை. அம்மா இறந்த நாளிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. காலையில் தம்பியின் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, ஃபோனை வாங்கி வச்சுட்டாங்க. அவர்கூட பேசணும்னா ஆஸ்பத்திரி வெப்சைட்ல நேரம் பிடிக்கணும். வீடியோவுல காட்டுவாங்க. இன்னிக்கு மட்டும்தான்."

"அவன் பேசுவானா?"

"நீங்க முதல்ல வாங்க அண்ணி."

3

கட்டத்தைத் தொட்டாள். சுழன்றது. மறுபடி கட்டம்.

உலாவியில் சேர்ந்திருந்த பழைய தடயங்களை அழித்தாள். விளம்பரத் தடுப்பானை நிறுத்தினாள். வைஃபை பெட்டியைப் பிடுங்கிச் சொருகினாள். கைப்பேசியில் முயன்றாள். கணவரின் கைப்பேசியையும் வாங்கிப் பார்த்தாள். எங்கும் அதே கட்டம்.

"உன்னைப் பார்த்தா மனுஷியா தெரியலையாம்," என்றார் கணவர். பேருந்து ஓட்டுகிறவர்.

"உங்க ஃபோனும்தான் உள்ள விடல. அப்ப நீங்க யாராம்?"

(இந்த இடத்தில் கணினி பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். பையோடு வந்தார், சரிசெய்தார், தண்ணீர் குடித்தார், போனார். அவரை எடுத்துவிட்டேன். வேறொருவர் வந்து தீர்த்துவிட்டால் இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.)

4

தளத்தின் உதவிப் பக்கத்தில் கடைசி வரியை அவள் உரக்கப் படித்தாள். "உங்கள் கருவியில் நேரம் சரியாக உள்ளதா எனப் பார்க்கவும்."

கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

வண்டி வருமுன் நாம்தான் போய் நிற்க வேண்டும், வண்டி நமக்காக நிற்காது என்பது அவர் கொள்கை. கல்யாணமான புதிதில் சுவர்க் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தவர், பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கருவியையும் அப்படியே வைத்தார்.*

"அதான் நம்ப மாட்டேங்குது," என்றாள். "நாம இன்னும் வராத நேரத்துல இருக்கோம்."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

அம்மாவை இந்த வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். நாலு மணிக்கு என்று தம்பிக்குச் சொன்னவள் அவள். சுவரில் நாலானதும் எடுத்தார்கள். அவன் வந்தபோது காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அம்மாவுக்குக்கூட லேட்டாத்தான் வருவியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அப்படியே திரும்பிப் போனான்.

"அவன் லேட்டா வரலைங்க."

கணவர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 

* முதலில் அந்த அரை மணியை மனதுக்குள் கழித்துக்கொண்டார்கள். போகப்போகக் கழிப்பது நின்றது. வேலையிடத்தில் அங்கத்திய நேரம், வீட்டில் வீட்டு நேரம். வேலைக்கு முதலில் வருகிறவள் என்று அவளுக்குப் பெயர்.

(இது மிகவும் பொருந்தி வருகிறது. இப்படிப் பொருந்துவதை நான் நம்புவதில்லை. அந்தச் சாவை அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். தம்பியிடம் சொல்ல அவளுக்கு எதுவுமே இல்லாமல் போயிற்று. அதனால் திரும்ப எழுதினேன்.)

5

கணினியின் நேரத்தைச் சரிசெய்து கட்டத்தைத் தொட்டாள். இம்முறை பச்சை விழுந்தது. அரை மணியில் பேசலாம் என்று இடமும் கிடைத்தது.

கணவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். முள்ளைப் பின்னால் திருப்பினால் கடிகாரம் கெட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. பேட்டரியை எடுத்துவிட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, உண்மையான நேரம் முள்ளிடம் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

6

முடிவு ஒன்று: அவள் அழுகிறாள், அவன் மன்னிக்கிறான். எழுதினேன். இரண்டு பேரும் என் குரலில் பேசினார்கள்.

முடிவு இரண்டு: அறுவைக்கு முன் மனதைக் கலைக்கக் கூடாது என்று, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு அவள்...

நடந்தது இவ்வளவுதான். திரையில் தம்பி வந்தான். இளைத்திருந்தான். தலையணையில் சாய்ந்தபடி அக்காவைப் பார்த்தான், பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தான்.

"என்னக்கா," என்றான். "இன்னிக்கும் நான் லேட்டா?"

கணவரின் விரலிடுக்கில் பேட்டரி அப்படியே நின்றது. அடுத்த வரி அவளுடையது. நான் எழுதினால் அது என் வரியாகிவிடும். இடம் விட்டிருக்கிறேன், அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள். அவனுக்கு அதிக நேரம் கொடுக்கமாட்டார்கள்.

"..."