கீரனூரில் இருக்கும் பொன்னழகு

பொன்னழகு துணியை அப்பாவின் நாடிக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இரண்டாவது முறையாக முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு நழுவி வாய் மறுபடியும் திறந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றாள் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி. தலையைத் தூக்கிப் பிடித்திருந்தவள் அவள்தான். "ஒடம்பு வெறச்சிருச்சுன்னா அப்பறம் மூடாது."

இறுக்கினாள். அப்பாவின் முகம் ஏதோ கோபத்தில் பேசாமல் இருப்பதைப்போல ஆனது.

"கடைசியில பால் குடுத்தியா பொன்னு?"

"ம்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு."

அடுப்படியில் டம்ளரில் அந்தப் பால் ஆடை கட்டிக் கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் கொட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா பொன்னுச்சாமி திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். அம்மா சீக்கிரமே போய்விட, அண்ணன் முத்துக்கிருஷ்ணனையும் அவளையும் தனியாளாக வளர்த்தார். தொப்பம்பட்டியில் மாமா வீட்டு விசேஷத்துக்கு, "நாளைக்குக் காலையில போறேம்ப்பா" என்ற அண்ணனை, "இன்னைக்கே போடா, முன்னாடியே போய் நிக்கிறதுதான் மரியாதை" என்று பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான். ஒட்டன்சத்திரம் தாண்டி அந்த பஸ் புளியமரத்தில் மோதியது. மறுநாள் காலை பஸ் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அந்த மறுநாள் பஸ்ஸைத்தான் அப்பாவால் விட முடியவில்லை. சில மாதங்கள் ஊமையாக இருந்தார். பிறகு கல்லூரி நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்து இரவும் பகலும் படித்தார். ஒரு துகள் இரண்டு பக்கம் போகலாம் என்றால் இரண்டு பக்கமும் போகிறதாம். ஒவ்வொரு முறையும் பிரபஞ்சம் இரண்டாகக் கிளை பிரிகிறதாம். ஒன்றில் நடக்காதது இன்னொன்றில் நடக்கிறதாம். படித்து முடித்த அன்று இரண்டு தட்டுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூட வேலை பார்த்த ஞானதாஸ் சார் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். பொன்னழகு காபி கொண்டுபோனபோது இருவரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அந்த உலகத்துல இருந்து ஒரு சத்தமோ வெளிச்சமோ இங்க வருமா?" என்று கேட்டார் ஞானதாஸ்.

"வராது."

"வராதுன்னா, இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வந்துச்சுன்னா அது வேற உலகமே இல்ல. இதே வீட்டுல பக்கத்து ரூம்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அப்பா காபியைத் தொடவில்லை.

"ஒண்ணா இருந்து பிரிஞ்சதுதானேய்யா ரெண்டும். முழுசா எப்படி அத்துக்கிட்டுப் போகும்? எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். இருந்தே ஆகணும்."

"இது பௌதிகம் இல்ல சார்."

"அவன் அங்க இருக்கான். எனக்குத் தெரியுது."

அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டில் பாதிதான் இருந்தார். சாப்பிடும்போது திடீரென்று, "கிருஷ்ணனுக்கு மதுரைக்கு மாத்தலாகியிருக்கும்" என்பார். மழை பெய்தால், "அங்க நல்லா பேஞ்சிருக்கும்" என்பார். பொன்னழகு குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

கீரனூர் மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போன பிறகுதான் அண்ணன் செத்தது. "ஒரு வருசம் கழியட்டுமுங்க, பொறவு வச்சுக்கலாமுங்க" என்று அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். சொன்னபடி மறு வருசம் ஆளும் அனுப்பினார்கள். அப்பா பதிலே சொல்லவில்லை. அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து நேராக வந்து கேட்டாள்.

"ஆள் அனுப்புனாங்களாமே. ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அங்க உனக்கு நடந்துருச்சும்மா. கிருஷ்ணன்தான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சான்."

அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. அப்பா கவனிக்கவில்லை. இங்கே அவர் செய்யாமல் விட்டதெல்லாம் அங்கே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவளுக்கும் வயது ஏறியது. வந்த ஒன்றிரண்டு இடங்களும் பிறகு வரவில்லை.

கடைசியாகப் படுத்தபோது ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றுவிட்டார்கள். நாலைந்து நாளாக நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பீ மூத்திரம் அள்ளியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் அவள்தான். இன்று காலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார். தெளிவாகப் பார்த்தார்.

"கிருஷ்ணா."

பொன்னழகு பால் டம்ளரோடு கட்டில் அருகே வந்தாள்.

"வந்து சேந்துட்டேன்டா" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். கையைத் தடவி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "பொன்னழகு எங்கடா? கீரனூர்ல இருந்து வந்துட்டாளா? சௌக்கியமா இருக்காளா?"

இத்தனை வருசத்தில் அப்பா அவளைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்துட்டாப்பா, ரெண்டு பிள்ளைகளோட வந்திருக்கா, நல்லா இருக்கா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். டம்ளரில் பால் ஆறிக்கொண்டிருந்தது.

"கீரனூர்ல யாரும் இல்லப்பா" என்றாள். "நாந்தான் இருக்கேன். பொன்னழகு. இது நம்ம வீடுதான். நீங்க எங்கயும் போகல."

அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரலிலிருந்து பிடி மெல்லத் தளர்ந்தது.

"அப்ப அவன்?"

"இல்லப்பா. அவன் எங்கயும் இல்ல."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாலை உதட்டில் வைத்தபோது பல்லை இறுக்கிக்கொண்டார். வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்தாள். "குடிங்கப்பா" என்றாள். பிறகு, "அப்பா, கொஞ்சம் குடிங்க" என்றாள். சமையல்கட்டில் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியபோது மூச்சு இல்லை.

மதியத்துக்குள் சாணார்பட்டியிலிருந்து சித்தப்பா மகன் கருப்புசாமி வந்துவிட்டான். கொள்ளி வைக்க அவன்தான். "பெத்த மகன் இருந்திருந்தா..." என்று யாரோ ஒரு கிழவர் ஆரம்பித்து, அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஞானதாஸ் சார் மாலையை வைத்துவிட்டு வெகுநேரம் கால்மாட்டில் நின்றார். போகிறபோது அவளிடம் வந்தார்.

"கடைசியா ஏதும் பேசினாராம்மா?"

"பேசினாரு சார்."

"கிருஷ்ணனைப் பத்தியா?"

"என்னைப் பத்தித்தான் கேட்டாரு."

அவர் கண் கலங்கிவிட்டது. "கேட்டாரா! அதாம்மா வேணும். என்ன கேட்டாரு?"

"சௌக்கியமான்னு."

அவர் அவள் தலையில் கைவைத்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வெளியே சங்கு ஊதினார்கள். "தூக்கலாம்ப்பா" என்று குரல் வந்தது.

பாடை தெருமுனை திரும்பிய பிறகு பெண்கள் மாரடித்ததை நிறுத்தி மூக்கைச் சிந்தினார்கள். வீடு கழுவ வேண்டும். தொட்டி அடி தெரிந்தது. அந்த வருசம் ஊருக்கே தண்ணீர் இல்லை. நல்லவேளையாகத் தெருக்குழாயைத் திறந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. பொன்னழகு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் ஏற்கெனவே வரிசை கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் ஜெய்தூன் பீவி முன்னால் இருந்த தன் குடத்தை நகர்த்தினாள்.

"நீ புடி மொதல்ல."

குடத்தை வைத்தாள். குழாய் இருமியது. காற்றுத்தான் வந்தது, நிறைய நேரம். பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் விழுந்தது.

"கலங்கலாருக்கு பொன்னு, செத்த நேரம் விட்டுப் புடி" என்றாள் ஒருத்தி.

பொன்னழகு குடத்தை எடுக்கவில்லை. அது நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.