வேனுக்குக் கட்டிய பூதம்

ஹாலாஸ்யத்துக்குத் தெரியாத வண்டிக் கோளாறு உலகத்தில் கிடையாது. ஆபீஸில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர்தான். ஆனாலும் வண்டியூர்த் தெருவில் எவனாவது ஸ்டார்ட் ஆகாத பைக்கை உதைத்துக்கொண்டிருந்தால், கேட்காமலே பக்கத்தில் போய் நின்று, கார்புரேட்டர் அடைப்பு என்று சொல்லிவிட்டு வருவார். பைக்கில் பெட்ரோல் இருக்காது. அதற்காக அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

அவரிடமும் ஒரு வேன் இருந்தது. மகள் பிரியம்வதாவுக்கு மூத்தது. அதன்மேல் அவருக்கு உயிர். ஒரே மாதத்தில் இரண்டு தடவை பஞ்சர் ஆனதும், எதிர்வீட்டார் கண் பட்டுவிட்டது என்று தீர்மானித்தார். இழுத்தால் கதவு கையோடு வருகிற வேனைப் பார்த்து எவர் பொறாமைப்படப் போகிறார் என்று மனைவி விஜயம் கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு முழிக்கிற திருஷ்டி பூதத்தை ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்து வாங்கி, வேனின் முன் கிரில் மொத்தமும் மறைய இறுக்கிக் கட்டினார்.

அன்றிலிருந்து வேன் கொதிக்க ஆரம்பித்தது. நாலு தெரு தாண்டினால் போதும், இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும்.

மெக்கானிக் அருள்பாண்டியிடம் கொண்டுபோவார். கிரீஸ் கை பூதத்தின் மேல் படலாமா? தெருமுனையிலேயே படத்தை அவிழ்த்துச் சுருட்டி, சீட்டுக்கடியில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் பட்டறைக்குள் நுழைவார். அருள்பாண்டி ஒத்தக்கடை வரை ஓட்டிப் பார்ப்பான். முள் அசையாது. வண்டி நல்லாத்தானே இருக்கு என்பான். இவர் விடுவாரா? தெர்மோஸ்டாட் என்றார், மாற்றினான். வாட்டர் பம்ப் என்றார், அதையும் மாற்றினான். அவர் பேசும்போது வாயைத் திறக்க அவனுக்கு இடமே கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, பூதத்தைப் பழையபடி கட்டுவார். மறுநாள் கொதிக்கும்.

விஜயத்துக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு தடவை நடுரோட்டில் நின்றால் வேனை விற்றுவிட வேண்டும் என்றாள். மீனாட்சி சாட்சியாக அவரும் ஒப்புக்கொண்டார்.

திருவாதவூர்க் கோயிலுக்குப் போகும் வழியில், மண்டை பிளக்கிற வெயிலில் வேன் புகை கக்கி நின்றது. உட்கார நிழலும் இல்லை, இடமும் இல்லை. விஜயம் விறுவிறுவென்று போய்ப் பூதத்தை அவிழ்த்துத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்தாள். ஹாலாஸ்யம் பதறினார். அவள் எழுந்திருக்கவில்லை. சூடு ஆறியபின் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினார்கள். ஃப்ளெக்ஸை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கோயில் வரைக்கும் முள் அசையவில்லை. திரும்பி வரும்போதும் அசையவில்லை. விஜயம் முள்ளைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "காத்துப் போற வழியை இந்தப் பூதம் அடைச்சிருக்கு. கட்டினது என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வேன் நம்மகிட்டயே இருக்கட்டும்."

அவருக்கும் புரிந்துதான் இருந்தது. அதுதான் கொடுமை. நாக்கு நுனி வரை வார்த்தை வந்தது. ஆனால் வாட்டர் பம்ப்தான் என்று தெரு முழுக்க அடித்துச் சொன்னது யார்?

"இன்ஜினுக்கு வயசாயிடுத்து," என்றார். "கொடுத்துடலாம்."

கப்பலூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் இம்மானுவேல் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனான். வேன் தெருமுனையில் திரும்பும்போது ஹாலாஸ்யம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரக்கேற்றிக்கொண்டு அது தினமும் மேலூர் போய்வருகிறதாம். ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லையாம்.

எதிர்வீட்டார் கண் மட்டும் இன்னும் அங்கேயேதானே இருக்கிறது? பூதத்தை எடுத்து, தெருவைப் பார்த்த ஹால் ஜன்னலில் இடைவெளி விடாமல் கட்டினார். மத்தியானம் ஹாலில் உட்கார முடியவில்லை. வேர்த்து ஊற்ற, அண்ணாந்து, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்.

"கண்டன்சர் போயிருக்கு," என்றார்.