ஊதாப் பொட்டு வைத்த வளையம்

சனிக்கிழமை காலை, ஒரு பொருள்கூட இன்னும் வெளியே போகாத நேரத்தில், அவள் இருபது சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். 'பரிசோதித்துக் கொடுக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே ஒரே மாதிரி இருபது கையெழுத்து. கேமரா வாடகைக் கடையில் சனிக்கிழமைக் கூட்டம் கழுத்தைப் பிடிக்கும். முன்கூட்டியே போட்டு வை என்று சொன்னவர் முதலாளிதான்.

அடுத்தது லென்ஸ் வேலை. நீள லென்ஸின் இடுப்பில் ஒரு வளையம் உண்டு. வளையத்துக்கு அடியில் இருக்கும் காலைத்தான் ஸ்டாண்டில் மாட்டுவார்கள். கேமரா, லென்ஸ் இரண்டின் பாரமும் அதில்தான். கடை அலமாரியின் அறைகளோ ஒடுக்கமானவை. அதனால் வளையங்களைக் கழற்றி எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு வைப்பது கடை வழக்கம். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பொருந்தாத வளையத்தை மாட்டினாலும் திருகு இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டு, இறுகிவிட்டேன் என்று கைக்குப் பொய் சொல்லும்.

ஒருமுறை அந்தப் பொய்யை நம்பப் பார்த்தாள். மறுநாளே சொந்தக் காசில் நகப்பூச்சு வாங்கி வந்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் வளையத்துக்கும் ஒரே நிறத்தில் பொட்டு வைத்தாள். சிவப்புக்குச் சிவப்பு, ஊதாவுக்கு ஊதா. "என்ன, கல்யாணத் தரகு வேலையா?" என்று முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். வளையத்தின் இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும், அவள் லென்ஸைக் காலைப் பிடித்துத் தூக்கமாட்டாள். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத்தான் தூக்குவாள்.

மதியம் பின்னறையில் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, சிவப்புப் பொட்டு லென்ஸின் இடம் காலியாக இருந்தது.

"யாருக்கு சார் குடுத்தீங்க?"

"நெட்டைக்கு. மேட்ச் ஆரம்பிச்சிடுச்சுன்னு குதிச்சான். நீ தின்னு முடிக்கிற வரைக்கும் நிப்பானா?"

அவள் தட்டைப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு வளையம் அங்கேயே கிடந்தது. ஊதாவைக் காணவில்லை.

"சார், வளையம் மாறிப் போயிருக்கு. அவன் கொண்டுபோனது மெலிசு லென்ஸோட வளையம்."

"நான்தான இறுக்கிக் குடுத்தேன்? ஒண்ணும் ஆகாது. முன்னாடி ஆள் நிக்குது பாரு."

நெட்டை, பத்திரிகைகளுக்கு விளையாட்டுப் படம் எடுப்பவன். அச்சாகும் படத்துக்குத்தான் அவனுக்குக் கூலி. அவள் அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. பேட்டரி எண்ணும்போது ஒருமுறை, பில் எழுதும்போது ஒருமுறை, மறுபடி, மறுபடி. மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். "ஓடிப்போய் மாத்திக் குடுத்துட்டு வந்துடறேன் சார்," என்றாள். "கல்லாவ யாரு பாப்பாங்க?" என்றார் அவர். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். ஒருவருக்குச் சார்ஜரை மாற்றிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு நெட்டை வந்தான். லென்ஸின் முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது.

"தோள்ல சாச்சிட்டு நடந்தேன்க்கா, அவ்வளவுதான். தொப்புன்னு சத்தம். திரும்பிப் பாத்தா கையில ஸ்டாண்ட் மட்டும் இருக்கு."

"திருகக் கழட்டிருப்ப," என்றார் முதலாளி.

"சத்தியமா கை வைக்கல சார். என் கேமராவும் சேந்துதான விழுந்துச்சு? அடியில கீறலோட தப்பிச்சுது."

ஸ்டாண்டின் உச்சியில் வளையம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதில் ஊதாப் பொட்டு.

"சார், இது..." என்று அவள் ஆரம்பித்தாள். முதலாளி சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுது."

"செக் பண்ணித்தான போட்ட? பண்ணலன்னா இப்பவே சொல்லு, லென்ஸ உன் தலையில எழுதிட்டு வேற ஆள் பாக்கறேன். பண்ணிருந்தா தப்பு அவன்மேல. எதுன்னு நீயே சொல்லு."

ஏணியிலிருந்து விழுந்த கணவன் எட்டு மாதமாகப் படுக்கையில். வீட்டுக்கு வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

"பண்ணினேன் சார்," என்றாள். சொன்ன வாயை அங்கேயே தைத்துவிடலாம் போல அவமானமாக இருந்தது.

"அக்கா," என்றான் நெட்டை. லென்ஸுக்கு ஈடாக முதலாளி அவன் கழுத்தில் கிடந்த கேமராவைப் பட்டையோடு கழற்றி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவள் கையில் ஒரு தின்னர் பாட்டிலைக் கொடுத்தார். "அந்தப் பொட்டெல்லாம் அழிச்சிடு. வர்றவன் போறவன் கேள்வி கேக்கறான்." அவள் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஊதா சீக்கிரம் போகவில்லை. அன்று மாலைக்குள் நெட்டையின் கேமராவுக்கும் கடை எண் ஒட்டியாயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். நல்லவேளை, முதலாளி உள்ளே போனில் இருந்தார்.

"இன்னிக்கு மேட்ச் இருக்குக்கா. லென்ஸ் ஒரு ஃப்ரெண்டு தர்றான். கேமராதான் வேணும். வாடகைக்கு."

அந்த மாடலில் கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் அதை எடுத்து வைத்தாள். காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்த சீட்டை இழுத்து நிரப்பினாள். ஏற்கெனவே இருக்கும் சேதத்தை வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி.

"அடியில, இடது ஓரமா, ஒரு கீறல்," என்று வாசித்தாள்.

"ஆமாக்கா," என்று அவன் கையெழுத்துப் போட்டான்.

கழுத்துப் பட்டையின் நீளத்தைக் கூட்டணுமா, குறைக்கணுமா என்று எல்லோரிடமும் கேட்பாள். அவனிடம் கேட்கவில்லை. அவன் மாட்டிக்கொண்டான். பட்டை அவன் உயரத்துக்குச் சரியாக இருந்தது.