அஜந்தனின் கிட்டாருக்கு ஐநூறா, இருநூற்றைம்பதா?

1

இந்தக் கதையை நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை. ருவான்வெல்லை பஜாரில் ஸமீம் நானாவின் ரேடியோ திருத்தும் கடையில், என்னுடைய பழைய ரேடியோவுக்காகக் காத்திருந்தபோது சும்மா கிடைத்தது. மேசைமேல் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வயிறு திறந்து கிடந்தது. யாருடையது என்று கேட்டேன். நானா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஒருவனுடைய வாழ்க்கையை அவன் இல்லாத நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதற்குப் பெயர் இலக்கியம் என்றால், அன்றைக்கு நான் பை நிறைய வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதலில் எழுதிய வரி இது:

[பனி மூடிய மலைச்சரிவில், கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே, ஒரு கிட்டாரின் சோகம்—]

வெட்டினேன். கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையில் ஏது பனி? எங்களுடையது ரப்பர் தோட்டம். மழையும் வேர்வையும் நுளம்புக்கடியும்தான். ஆனால் கொழும்பில் மலையகச் சிறப்பிதழ் போடுகிறவர்களுக்கு மலையகம் என்றால் நுவரெலியாதான். "கேகாலைப் பக்கமும் நம்ம ஆக்கள் இருக்கிறாங்களா?" என்று என்னிடமே கேட்ட ஆசிரியர் ஒருவர் உண்டு. அவருக்குப் பிடிக்கட்டும் என்று கை தானாகவே பனியை எழுதியிருக்கிறது. எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

இரண்டாவது வரி:

[மேடையில் மின்சாரம் தாக்கி அஜந்தன் செத்துப்போன அன்று—]

இதை ஸமீம் நானாவிடம் வாசித்துக் காட்டினேன். "கிட்டார்ல வார கரண்டுக்கு ஒரு நுளம்பும் சாகாது மாஸ்டர்" என்று சிரித்தார். அஜந்தன் சாகவில்லை. இன்றைக்குக் காலையில்கூடத் த்ரீவீலில் போனான். அவனுக்கு நடந்தது சாவைவிடச் சின்ன விஷயம். அதனால்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

2

அஜந்தன் வார நாட்களில் த்ரீவீல் ஓட்டுகிறான். அவன் மனைவி விஜயகலா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறாள். சனி ஞாயிறுகளில், திருவிழாக் காலங்களில், அவன் குருவிட்டவிலிருந்து வரும் கிருஷ்ணராஜின் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறான். எங்கள் பக்கத்துக் கோயில் கமிட்டிகள் அந்தக் குழுவைக் கூப்பிடுவதற்குக் காரணமே அவன்தான். "நம்ம தோட்டத்துப் புள்ள மேடையில நிக்கிறானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசி முடிப்பார்கள். நிகழ்ச்சியின் நடுவில் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். பெயர் மட்டும் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கும்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் திருவிழா. ஒரு பாட்டின் நடுவில் அவனுடைய கிட்டார் தனியாக வரவேண்டிய இடம். வொலியூமைக் கூட்டினான். கூடவில்லை. குறைத்துப் பார்த்தான். குறையவும் இல்லை. ஸ்பீக்கரில் ஒரு கிட்டார் மட்டும் கணீரென்று போய்க்கொண்டே இருந்தது.

வீட்டில் சோறு போடும்போது விஜயகலா கேட்டாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. ஒங்க கை ஒரு பக்கம் ஓடுது, சத்தம் வேற பக்கம் ஓடுதே?"

"பொட்டு போயிருச்சு. உள்ள இருக்க கரி தேஞ்சிருக்கும்."

"அப்ப கேட்டுச்சே, அது என்னா கிட்டாரு?"

"அது கீபோர்டுல போடுற ட்ரெக், முன்னமே பதிஞ்சு வச்சது. இப்ப எல்லா பாண்டுலயும் இருக்கு."

"அப்ப நீங்க?"

"அதான் சொல்றேன்ல, பொட்டு போயிருச்சுன்னு!"

அவள் சோற்றுப் பானையை மூடினாள். அடுத்தது அவர்களுடைய சொந்தத் தோட்டத்துத் திருவிழா. தன்கூடப் பால் வெட்டும் பெண்களை எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வரச்சொல்லி அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்குத் தன் வாசிப்பு ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அஜந்தனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

(பொட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கிட்டாரில் வொலியூம், டோன் என்று திருகுகிறோமே, அந்தக் குமிழுக்கு அடியில் உள்ள சாமான். உள்ளே கரி பூசிய ஒரு பட்டை, அதன்மேல் ஓடும் ஒரு சின்னக் கை. திருகினால் சத்தத்துக்கு வழி விடும், அல்லது மறிக்கும். இவ்வளவு எளிமையாக ஒரு மனிதனை மறிக்க முடியாது என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். முடியும் என்று பிறகு தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.)

3

பெண் பார்க்கப் போனபோதுகூட அஜந்தன் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டுதான் கடைக்கு வந்தான்.

"பழசு இருநூத்தம்பது கிலோ ஓம் நானா. எனக்கு ஐநூறு வேணும்."

"ஐநூறு போட்டா சத்தம் கூடாது தம்பி. கூர்மதான் கூடும்."

"அந்தக் கூர்மதான் வேணும். கீபோர்ட கிழிச்சிட்டு வரணும்."

"காதுல குத்தும்."

"குத்தட்டும்."

அடுத்த கேள்வி, ஏ வகையா பீ வகையா. பீ வகை ஸமீம் நானாவிடமே இருந்தது. அம்ப்ளிஃபயருக்குப் போடுகிறது. கொஞ்சம் திருகியதுமே முக்கால்வாசிச் சத்தம் வந்துவிடும், மீதிச் சுற்று வீண். ஏ வகை காதுக்கு இதமாகப் படிப்படியாக ஏறும். அதைக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும்.

"ஏ தான் நானா. ஒரேயடியா கத்தக்கூடாது. மெதுவா எந்திரிச்சு வரணும், சனங்க திரும்பிப் பாக்குற மாதிரி."

குமிழ் மாட்டும் தண்டு மொட்டையா, பல்லு வைத்ததா என்பதையும் பேசி முடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, பழக்கதோஷத்தில், ஸமீம் நானா பழைய பொட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார். எண் தடங்கலில்லாமல் ஏறியது, இறங்கியது. கடையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் கிட்டாரைச் சொருகி, ஒரு கம்பியைத் தட்டச் சொன்னார். அஜந்தன் தட்டினான். சத்தம் வந்தது. குமிழைத் திருகினான். கூடியது, குறைந்தது.

"தம்பி, இது நல்லாத்தானே ஈக்குது."

அஜந்தன் குமிழை இன்னொரு தடவை திருகினான்.

"மேடயில சவுண்ட் மிக்ஸர் பாக்குற யாரு?"

அவன் சட்டை நுனியால் கிட்டாரின் விளிம்பைத் துடைத்தான். அழுக்கு எதுவும் இல்லை.

"கடையில நல்லாதான் வரும் நானா. மேடை சூட்டுக்குத்தான் மக்கர் பண்ணுது. மாத்திருங்க."

"சூட்டுக்கா?"

"ஆமா. டோனையும் சேத்து மாத்துங்க."

"டோனுக்கு ஒண்டுமில்லியே."

"இருக்கட்டும். ரெண்டையும் மாத்துங்க."

4

இந்த இடத்தில்தான் கதை என் கையைவிட்டுப் போனது. மறிப்பது பொட்டு இல்லை, மிக்ஸர் என்று அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்று எழுதினால் அவன் முட்டாளாகிவிடுகிறான். அவன் முட்டாள் இல்லை. தெரியும் என்று எழுதினால், டோனை ஏன் மாற்றச் சொன்னான்? பழைய டோன் பொட்டை விட்டுவைத்திருந்தால் அடுத்த தடவைக்கு ஒரு சாக்காவது மிஞ்சியிருக்கும். இருந்த ஒரே சாக்கையும் அவனே கழற்றிப் போடச் சொல்லியிருக்கிறான். அல்லது, இரண்டையும் மாற்றினால் உண்மையிலேயே சரியாகிவிடும் என்று ஒரு மூலையில் நம்பினான். [மனித மனம் எப்போதும்—] வேண்டாம், விடுங்கள். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

நல்ல பொட்டு என்று தெரிந்தும் ஏன் மாற்றிக்கொடுத்தீர்கள் என்று ஸமீம் நானாவைக் கேட்டேன்.

"பொஞ்சாதி சொல்லிக் கேக்கல்ல. மீட்டர் சொல்லிக் கேக்கல்ல. நான் சொன்னா கேப்பாரா மாஸ்டர்? நீங்க போய்ச் சொல்லுங்கோ பாப்பம்."

நான் போகவில்லை. சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடுமே.

5

முதல் பிரதியில் கிருஷ்ணராஜுக்குத் தடித்த தங்கச் சங்கிலி போட்டு, வெற்றிலை குதப்பவைத்து, பெண்களை முறைக்கவும் வைத்திருந்தேன். நேரில் பார்த்தால் பாவம், ஒல்லியான மனிதர். அல்சர் இருக்கிறதாம், பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒளிக்காமல் பேசினார்.

"சனங்களுக்கு இப்ப ரெக்கோடிங்ல கேட்ட மாதிரியே வேணும் மாஸ்டர். ஒரு எடத்துல பிசகுனா எனக்குத்தான் ஏச்சு. அதான் மிக்ஸர்ல அவன் லைன கொறச்சு வச்சிருக்கோம். ஒரு வருசமா அப்படித்தான்."

"அப்ப அவன நிப்பாட்டிறலாமே?"

"அவன் நிக்காட்டி ஒங்க பக்கத்துக் கமிட்டி எங்களக் கூப்புடுமா? நானும் தோட்டத்துலருந்து வந்தவன்தான். அவன மரியாதையாத்தான் வச்சிருக்கேன்."

[இங்கே அவருக்கு நான் கொடுத்த சாட்டையடிப் பதில் அரைப்பக்கத்துக்கு இருந்தது. நிஜத்தில் நான் பதில் எதுவும் சொல்லவில்லை.]

சொல்ல வாய் வராததற்குக் காரணம் உண்டு. கொழும்பு இலக்கியக் கூட்டங்களுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். சப்ரகமுவ மாகாணப் பிரதிநிதி என்று அழைப்பிதழில் பெயர் போடுகிறார்கள். மேடையில் கதிரை உண்டு, மாலை உண்டு, புகைப்படம் உண்டு. என் முறை வரும்போது நேரம் போதாமல் போய்விடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அடுத்த தடவை கட்டுரையைச் சுருக்கமாக எழுதிக்கொண்டு போகவேண்டும் என்று முடிவெடுப்பேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடிவெடுக்கிறேன்.

6

திருவிழா. கோயில் மதிலோரம் தார்ப்பாய்க்குக் கீழே மிக்ஸர் மேசை. "மாஸ்டருக்கு ஒரு கதிரை போடுங்கப்பா" என்று கமிட்டிக்காரர்கள் என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தள்ளுகட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப், அதில் சிங்களத்தில் பெயர். பாட்டுக்காரர், கீபோர்ட், டிரம்ஸ், அஜந்தன். மற்றக் கட்டைகள் எல்லாம் மேலே இருந்தன. அஜந்தனுடையது அடியோடு அடியாக இருந்தது.

மிக்ஸர்காரர் எழுந்தார். "மாஸ்டர், பொட்டக் பலாகன்ன, தே எகக் பீலா என்னங்." கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

மேடையில் அஜந்தனின் நேரம் வந்தது. புது பொட்டை மெதுவாக, படிப்படியாகத் திருகினான். கண்களை மூடிக்கொண்டான். கணீரென்று கிட்டார் கேட்டது. அது அவனுடையது இல்லை. முன்வரிசையில் விஜயகலா அவன் கையைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஜந்தனின் கட்டை என் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் அதை மேலே தள்ளினேன் என்று ஒரு முடிவு எழுதினேன். கூர்மையான அந்தச் சத்தம் கீபோர்டைக் கிழித்துக்கொண்டு எழும்பியது, லயமே எழுந்து நின்றது, விஜயகலா— பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

தள்ளினேன் என்று இன்னொரு முடிவும் இருக்கிறது. ஒரு வருடமாக அவன் விரல் வாசித்ததை யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. பிசகு எது, சரி எது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் ஓடிய விரல் அது. தாளம் தப்பி, கம்பி சுதி இறங்கி, அத்தனையும் ஸ்பீக்கரில் வந்து, அவள் கூட்டிவந்த பெண்கள் எல்லாம் கேட்டார்கள். இதை எழுதி முடித்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

தள்ளவில்லை என்று எழுதினால் இப்படி வரும். அவன் பொன்னாடையோடு இறங்கி வருகிறான்.

"பொட்டு சரியாயிருச்சு, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. நல்லா கேட்டுச்சு."

மூன்றில் எது நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சொல்லப்போவதில்லை. கதையில் அவனுடைய நேரம் இன்னும் முடியவில்லை. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் இவ்வளவு நேரமாக என் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், உங்களுக்கும் எட்டும். தள்ளுவதென்றால் இப்போதே தள்ளுங்கள். தேநீர் குடிக்கப் போனவர் வந்துகொண்டிருக்கிறார்.