மான்காடு எந்தப் பக்கம்

பங்கு பிரிக்கும் நாள் காலையில் டியூக் வோல்ராட், மேசைமேல் விரித்த வரைபடத்திலிருந்து எல்லைக்கோடு ஒன்றைக் கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழே கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ராபென்ஃபெல்ட் பெரிய நாடு ஒன்றுமில்லை. காலையில் குதிரையேறினால் சாயங்காலத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். அப்பா கண்ணை மூடியதும் அதையும் இரண்டாக்க வேண்டியதாயிற்று. மூத்தவன் கோடு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மூத்தவன் தில்லுமுல்லு செய்துவிடக் கூடாதே என்று எந்தக் காலத்திலோ ஒரு பாட்டனார் செய்துவைத்த ஏற்பாடு.

வோல்ராடுக்கு வேண்டியது மேற்குப் பாதியில் இருந்த இந்தப் பழைய கோட்டை. கோட்டைத் தேவாலயத்தில், தரைக்கல்லுக்கு அடியில் அவருடைய ஒரே மகன் காஸ்பர் கிடந்தான். பெரியம்மையில் போனபோது நாலு வயசு. அவர் மனைவி சிபில்லா அந்தக் கல்லை வேலைக்காரர்களைத் தொடவிடாமல் தானே துடைப்பாள். "கூழு குடிச்சுட்டாவது கெடக்கறேன். பையன விட்டுட்டு மட்டும் என்னால வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் வோல்ராட் நல்லதையெல்லாம் கிழக்குப் பாதியில் அள்ளிப் போட்டிருந்தார். மாவு அரைக்கும் ஆலை, பீர் வடிக்கும் சாலை, புது மாளிகை, எல்லாவற்றுக்கும் மேலாக மான்காடு. தம்பி யோப்ஸ்டுக்கு வேட்டை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். காடு இருக்கும் பக்கத்தைத்தான் எடுப்பான், கோட்டை தமக்கு நிற்கும் என்பது அவர் கணக்கு.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அன்று காலைச் சாப்பாட்டுவரை. யோப்ஸ்ட் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே, சேற்றில் படுத்துவிட்ட பாதிரியாரின் கோவேறு கழுதையைப் போல முனகிக் காட்டினான். சிபில்லா சிரித்துவிட்டாள். பையன் போன பிறகு அவள் சிரித்ததே இல்லை. வோல்ராட் இசைக்காரர்களை வரவழைத்தார், பட்டு வாங்கித் தந்தார், மண்டியிட்டுக்கூடப் பார்த்தார். இந்தப் பயல் ஒரு கழுதையை வைத்துச் சாதித்துவிட்டான்! அப்பாவும் சின்னவன், சின்னவன் என்றே செத்தார். தாம் சோறு போட்டு வளர்த்த வேட்டை நாய்கூட அவனைக் கண்டால்தான் வாலாட்டுகிறது. இனி அந்தக் காட்டையும் தூக்கிக் கொடுக்கவேண்டுமா? அவன் கொம்பும் தலையுமாக மானை ஏற்றிக்கொண்டு வருவான், ஊரே கூடிக் கூத்தாடும். ஆலையும் பீரும் மாளிகையும் போதாதா அவனுக்கு, அதற்கே மயங்கிவிடுவான் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, மான்காட்டை மேற்கே சேர்த்துப் புதுக்கோடு இழுத்தார்.

கூடத்தில் மந்திரி மெல்கியோர் எல்லைகளை வாசித்தார். மான்காடு மேற்கே என்றதும் சிபில்லா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். யோப்ஸ்டும் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேற்கு" என்றான்.

வோல்ராட் எழுந்தே விட்டார். "கோட்டையையா எடுக்கற?"

"ஏண்ணா, நீங்கதானே இழுத்து வெச்சிருக்கீங்க? போன வாரம்வரைக்கும் காடு கிழக்கன்னு மெல்கியோர் சொன்னாரு. நானும் அதத்தான் எடுக்கறதா இருந்தேன். இன்னிக்கு நீங்களா இந்தப் பக்கம் மாத்துனதும், சரி, இங்க இருந்தா பையன் நெனப்பு வாட்டுது, அண்ணன் வேற எடம் போக நெனைக்கறாருன்னு தோணுச்சு." அவன் குரல் தணிந்தது. "தப்பா நெனச்சுட்டேனா? இன்னும் கையெழுத்து போடல. வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்திக்கலாம். காடு என்ன பெரிய காடு."

சிபில்லாவின் கை வோல்ராடின் சட்டைக் கையைப் பிடித்தது. அவர் வாயைத் திறந்தார். சொல்லியே இருப்பார். அதற்குள் பின்வரிசையில் ஒரு கிழவர், "அடேயப்பா, என்ன மனசுய்யா சின்னவருக்கு!" என்றார். "அவருக்குத்தான் வரும் அந்த மனசு" என்றார் இன்னொருவர். கூடம் முழுக்க அந்த முணுமுணுப்பு ஓடியது.

"நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேண்டாம்" என்றார் வோல்ராட். "எடுத்தது எடுத்ததுதான். கொண்டா பேனாவ."

சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது.

மறுவாரம் சாமான்கள் எல்லாம் கிழக்கே போய்ச் சேர்ந்த பிறகு கடைசியாக வண்டி வந்து நின்றது. யோப்ஸ்ட் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணி. யாரையும் கேக்க வேண்டாம்" என்றான். சிபில்லா தலையை மட்டும் ஆட்டினாள்.

முன்னோக்கிய ஆசனத்தில் தம் பக்கத்தில் வோல்ராட் மெத்தையைச் சரிசெய்து வைத்திருந்தார். சிபில்லா ஏறி, எதிரே, வண்டிக்காரனுக்கு முதுகு காட்டும் குறுகலான பலகையில் உட்கார்ந்தாள். "அங்க உக்காந்தா தலை சுத்துமே, இப்படி வாயேன்" என்றார். வண்டி கிளம்பியது. கோட்டையும் தேவாலயக் கோபுரமும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தன. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. வழி நெடுக அவள் முகம்தான் அவருக்கு எதிரே இருந்தது. அவள் கண்கள் அவருடைய தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே வந்தன. முதலில் நேராக, பிறகு சாலை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உயர்ந்து, ஆற்றங்கரைத் திருப்பத்தில் சட்டென்று எதையும் பார்க்காமல் நின்றன.